தாய்க்குக் கோயில் கண்ட தனயர்

திருவண்ணாமலையின் தென்பால், மலையடிவாரத்தில், பாலி தீர்த்தத்தை அடுத்து ஒரு கற்றளி விளங்குகின்றது. அங்கே எழுந்தருளியிருக்கும் சிவலிங்கத்திற்கு மாத்ருபூதேசுவரர் என்பது திருநாமம். திருச்சிராப்பள்ளிக் குன்றிலே கோயில் கொண்டருளும் தாயுமானவருக்கும் வடமொழியில் இதுவே பெயர். பெயர் ஒன்றாயினும் வரலாறு வேறு. காவிரியின் வெள்ளத்தைக் கடந்து வர இயலாத ஒரு தாயின் உருவில், பேறுகாலத்தில் தவித்த மகளிடம் இறைவனே வந்து பணிவிடை புரிந்தான் என்பது சிராப்பள்ளித் தலபுராணம். அங்கே சிவம் தாயாயிற்று. அண்ணாமலையின் அடிவாரத்திலோ ஒரு தாய் சிவமானாள். மதுரைச் சீமையில் வக்கீல் ஒருவரின் மனைவியாக இருந்து, நான்கு மக்களைப் பெற்று வளர்த்து, கைம்மை எய்தி, வறுமையையும் மக்கட்பிரிவையும் கண்ட அழகம்மையாரின் சமாதியின்மேலேதான் அந்த லிங்கம் நிறுவப்பெற்றது.

1949 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆம் நாள் அக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடைபெற்றது. அம்மையாரின் இரண்டாம் மகனாகிய பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகள் அதனைக் கண்குளிரக் கண்டார். ஈன்ற தாய்க்குக் கோயில் கண்ட தனயர் என்று அவரைப் போற்றுதல் எளிது. ஆயினும், பதினாறு வயதில் அந்தத் தாயிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டை விட்டுச் சென்றவரும் அவரே. இரண்டாண்டுக்குப் பின் தேடி வந்து கண்ணீர் விட்டுக் கதறிய தாயின் முன் வாய் திறவாது இருந்தவரும் அவரே. பெற்றோரைத் தெய்வமாகப் போற்றுக என்பது இந்நாட்டுப் பிள்ளைகள் எழுத்தறியும் நாளிலேயே கேட்கும் மொழி. கேட்பதில் வருத்தமில்லை. பெற்றோர் விரும்பும் வழியும் பிள்ளை செல்லும் வழியும் இரண்டாகப் பிரியும் இடத்திலேதான் அம்மொழி உரைகல்லில் ஏறுகின்றது. ரமணரின் வாழ்க்கையில் அது ஏறிய அளவுக்கு வேறு எவர் வாழ்க்கையிலும் ஏறியிருக்குமா என்பது ஐயமே.

பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருச்சுழியில், 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள், ஆருத்திரா தரிசன நள்ளிரவு கடந்த வேளையில் அவர் பிறந்தார். வேங்கடராமன் என்று பெயரிட்டனர். தந்தையார் சுந்தரம் ஐயர் அவ்வூரில் வக்கீலாகத் தொழில் நடத்தி நற்பெயர் பெற்றவர். வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட வீடு அது. தமையனார் நாகசுவாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் துறவு பூண்டு செல்வர் என்றொரு செய்தியும் வழங்கி வந்தது. பிச்சை கேட்டு வந்த துறவி ஒருவருக்கு முன்னோர் அன்னமிட மறுத்ததால் நேர்ந்த சாபம் அது என்பர். சாபமோ வரமோ, அச்செய்தியைக் கேட்டிருந்த ஒரு தாயின் நெஞ்சில் அது முள்ளாகவே தைத்திருக்கும்.

சிறு வயதில் ஒரு நாள், தந்தையார் கட்டி வைத்திருந்த பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துப் படகுகள் செய்து நீரில் விட்டு விளையாடினார் வேங்கடராமன். தந்தையார் சினந்து கடிந்தார். பிள்ளை உடனே எழுந்து கோயிலுக்குச் சென்று, சகாயவல்லி அம்மன் சந்நிதியில் திருவுருவத்தின் பின்னே போய் அமர்ந்துகொண்டார். வீட்டார் தேடி அலைய, அருச்சகர் கண்டு அழைத்து வந்தார். பின்னாளில் இதனை அடியார்களிடம் பகவான் நகைத்துக்கொண்டே சொல்வதுண்டு. தந்தை கடிந்தால் உலகத்தாயின் மடியில் சென்று ஒளிவது என்பது அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்பித்த பாடமன்று.

1892 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் சுந்தரம் ஐயர் காலமானார். குடும்பம் இரண்டாயிற்று. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்தில் தங்கிப் படிக்கலாயினர். அழகம்மையார் இளைய குழந்தைகளோடு மானாமதுரையில் மற்றொரு கொழுந்தனாராகிய நெல்லையப்பையரின் ஆதரவில் வாழலானார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்த பிள்ளைக்குத் தாயின் அருகிருக்கும் பேறும் அன்றோடு அகன்றது. ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் அவர் பயின்றார். படிப்பைவிட விளையாட்டில் நாட்டம் மிகுந்த சாதாரண மாணவராகவே இருந்தார்.

1896 ஆம் ஆண்டின் நடுவில், மதுரை வீட்டு மாடியறையில், மரண பயம் திடீரெனத் தோன்றி, அப்பயத்தையே வாயிலாகக் கொண்டு தாம் உடல் அல்லர் என்னும் தெளிவு அவருக்கு உதித்த வரலாறு உலகறிந்தது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. அதன்பின் பள்ளியும் பாடமும் அவருக்குப் பொருளற்றுப் போயின. ஆகஸ்டு 29 ஆம் நாள், தண்டனையாக எழுத வேண்டிய இலக்கணப் பாடத்தை எழுதாமல் கண்மூடி அமர்ந்தவரைத் தமையனார் கடிந்துகொண்டார். இப்படிப்பட்டவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்ற கருத்துப்பட அவர் சொன்ன சொல் தைத்தது. பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார் வேங்கடராமன். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துத் தம் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிட்டு வருமாறு தமையனார் பணித்தார். மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுச் சென்றார் அவர். தந்தையைத் தேடி, அவர் ஆணைப்படியே புறப்பட்டதாகவும், இது நற்காரியத்திலேயே இறங்கியிருப்பதால் எவரும் வருந்த வேண்டா என்றும், தேடப் பணம் செலவிட வேண்டா என்றும், தமையனாரின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அக்கடிதம் கூறிற்று. தொடக்கத்தில் ‘நான்’ என்றிருந்தது பின்னே ‘இது’ என்றாயிற்று. முடிவில் கையொப்பம் இல்லை. தந்தையார் மறைந்து நான்காண்டு கடந்த ஒரு வீட்டில், தந்தையைத் தேடிச் செல்கிறேன் என்ற வரியைக் கண்டவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மானாமதுரையில் இருந்த தாய்க்கு அந்தக் கடிதத்தில் தனியே ஒரு சொல்லும் இல்லை.

விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டுவரை புகைவண்டியிலும் பின்னர்க் கால்நடையாகவும் சென்று, அறையணிநல்லூர்க் கோயிலில் ஓர் இரவு சோதி தரிசனம் பெற்று, கீழூரை அடைந்தபோது அவர் பசியால் சோர்ந்திருந்தார். அன்று கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்து அம்மையார் பெற்ற பிள்ளையைப்போல் இருத்தி உணவிட்டு, பலகாரப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். தம் காதுக் கடுக்கன்களை அவ்வீட்டில் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மீட்பதற்கு எழுதித் தந்த சீட்டை வழியிலேயே கிழித்தெறிந்துவிட்டு, 1896 செப்டம்பர் முதல் நாள் காலையில் அண்ணாமலையாரின் சந்நிதியில் போய் நின்றார். அழைத்த தந்தையிடம் பிள்ளை வந்து சேர்ந்ததாகவே அன்று விண்ணப்பித்துக்கொண்டார் என்பர்.

வீட்டாரோ அறியாமல் தவித்தனர். மகன் நாடகக் கூட்டத்தாரோடு திருவனந்தபுரத்தில் இருக்கிறான் என்று எவரோ சொல்லக் கேட்டு, அங்கும் தேடச் சொன்னார் அழகம்மையார். 1898 இல் சுப்பையர் காலமான துக்கத்திற்கு உறவினர் மதுரையில் கூடியிருந்த வேளையிலேதான், திருவண்ணாமலையில் இளந்துறவியாக இருப்பவர் வேங்கடராமனே என்ற செய்தி எட்டிற்று. நெல்லையப்பையர் விரைந்து சென்று மாந்தோப்பில் கண்டார். மௌனத்தில் இருந்தவரை ஒரு சொல்லும் பேசச் செய்ய முடியாமல் வெறுங்கையோடு மீண்டார். பின்னர், அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் மூத்த மகனை அழைத்துக்கொண்டு தாயே புறப்பட்டார்.

பவழக்குன்றில், பாறையொன்றின்மேல், சடைபிடித்த தலையும் அழுக்கேறிய மேனியும் கோவணமுமாகக் கிடந்தவரை மற்றவர் அடையாளம் கண்டிருப்பது அரிது. தாய் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொண்டார். வீட்டுக்கு வருமாறு அழைத்தார். பதில் இல்லை. நாள்தோறும் தின்பண்டங்கள் செய்து கொண்டுவந்தார், கெஞ்சினார், கடிந்தார், ஒரு நாள் அழுதே விட்டார். அழுகை பொறாமல் இளந்துறவி எழுந்து அப்பால் சென்றதும் உண்டு. அங்கே கூடியிருந்தோர் தாயின் துயரம் கண்டு இரங்கினர். பச்சையப்பப் பிள்ளை என்பவர் பென்சிலும் காகிதமும் நீட்டி, பேசாவிடினும் எழுதியேனும் விடை தரலாகாதா என்று வேண்டினார். அவரவர் வினைக்கேற்ப இறைவன் நடத்துகின்றான், நடவாது என்பது எம்முயற்சியாலும் நடவாது, நடப்பது எத்தடையாலும் நில்லாது, ஆகவே அமைந்திருத்தலே நன்று என்னும் பொருள்பட அவர் எழுதிக் கொடுத்தார். மகன் என்ற உரிமையோ தாய் என்ற விளியோ அதில் இல்லை. அதைப் பெற்றுக்கொண்டு அழகம்மையார் மானாமதுரைக்குத் திரும்பினார்.

இக்காட்சியை மூடி மறைப்பதால் பகவானுக்குப் பெருமை கூடிவிடாது. ஒரு கைம்பெண்ணின் வயிறு அன்று எரிந்தது உண்மை. இதனை எடுத்துக்காட்டி, பெற்றோரைக் கைவிட்டுச் செல்வதும் ஞானத்தின் அடையாளமே என்று வாதிப்பாரும் உண்டு. அவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று உளது. வீட்டைத் துறந்து வந்துவிடவா என்று தம்மிடம் கேட்ட இல்லறத்தார் பலரையும் பகவான் வீட்டிற்கே திருப்பியனுப்பினார். துறக்க வேண்டுவது அகந்தையையே, குடும்பத்தை அன்று என்பதே அவர் உபதேசம். தாம் சென்றது தம் முடிவால் அன்று, தம்மை இழுத்த ஒரு பேராற்றலால் என்பதே அவர் கொண்ட கருத்து. அந்த ஆற்றல் தமக்கு வாய்த்தது என்று சொல்லக்கூடியவர் கோடியில் ஒருவர். ஏனையோர் அவர் சென்றதை மட்டும் பார்த்து, பின்னர்ச் செய்ததைப் பாராதிருப்பது முறையன்று.

1899 முதல் மலைமேல் விரூபாட்ச குகை அவர் உறைவிடமாயிற்று. 1900 இல் மூத்த மகன் நாகசுவாமி இளவயதிலேயே காலமானார். கடன் தீர்க்கத் திருச்சுழி வீடும் விற்கப்பட்டது. அழகம்மையார் துன்பங்களைத் தாங்கிக்கொண்டு, இடையிடையே அண்ணாமலைக்கு வந்து மகனைக் கண்டு செல்வார். 1914 இல் திருப்பதி யாத்திரை சென்று மீளும் வழியில் குகைக்கு வந்தவர் கடுமையான குடற்காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்போதுதான், பவழக்குன்றில் பாறைபோல் இருந்தவரின் வேறொரு நிலையை அடியார்கள் கண்டனர். தாயின் அருகிலேயே இருந்து ஒவ்வொரு பணிவிடையும் தாமே செய்தார் மகன். அத்தோடு, அன்னையின் காய்ச்சலைத் தணித்து, பிறவியென்னும் நோயையும் தீர்த்தருள வேண்டும் என்று அருணாசலரை இறைஞ்சிப் பாடல்களும் இயற்றினார்.

அவர் இயற்றிய நூல்கள் பலவாயினும், ஒருவரின் உடல்நோய் தீர வேண்டும் என்று வாய்விட்டு இறைவனிடம் கேட்டது தாயின்பொருட்டே. நடப்பது எத்தடையாலும் நில்லாது என்று பதினாறு ஆண்டுக்கு முன் அதே தாய்க்கு எழுதிக் கொடுத்த கை அது! முன்னது பொய்யாயிற்று என்று எண்ணற்க. ஊழின் இயல்பு இன்னதென்று அறிந்தவரும் தாயின் நோய் கண்டவிடத்து இறைவன் காலைப் பிடிக்கின்றார். அறிவு முற்றியதனால் அன்பு வற்றிவிடவில்லை. அக்குகையில் வாழ்ந்த காலத்திலேயே அடியார்கள் பிச்சைக்குச் செல்லுங்கால் பாடுவதற்கென அவர் அருளிய அட்சரமணமாலையிலும், அருணாசலத்தின் கருணையை அளந்து காட்ட வரும்போது ஈன்ற அன்னையின் அன்பையே அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றார்.

அம்மையார் பிழைத்தெழுந்து ஊர் திரும்பினார். அதன்பின் குடும்பத்தில் எஞ்சியிருந்த பற்றுக்கோடுகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இளைய மகன் நாகசுந்தரத்தின் மனைவியும் மறைந்தார். 1916 இன் தொடக்கத்தில், எஞ்சிய நாளை மகனின் அருகிலேயே கழிப்பது என்று துணிந்து அழகம்மையார் வந்துவிட்டார். மகள் வீட்டில் வசதியாக இருக்கலாமே என்றவர்களிடம், இறந்தபின் தம் உடலை முட்புதரில் எறிந்தாலும் அது மகனின் கையாலேயே ஆகட்டும் என்று சொன்னார் என்பர்.

அடியார்களுக்கோ அச்சம். தாய் வந்து தங்கினால் பந்தம் சூழ்ந்துவிடும் என்று கருதிப் பகவான் சொல்லாமல் எங்கேனும் போய்விடுவாரோ என்று கலங்கினர். அம்மையார் மலைமேல் தங்கலாகாது என்று சிலர் தடுத்துச் சொல்லவும், பகவான் எழுந்து தாயின் கையைப் பற்றி, இங்கு இடமில்லையாயின் வேறெங்கேனும் செல்வோம் என்று புறப்பட்டுவிட்டார் என்றும், தடுத்தவர்கள் காலில் விழுந்து மன்னிப்பு வேண்டினர் என்றும் அன்பர்கள் சொல்லி வருவர். இருபதாண்டுக்கு முன் தாம் வீட்டை விட்டு வந்தவர், தாயின்பொருட்டு அந்த மலைக்குகையையும் விடத் துணிந்து நின்றார்.

அவ்வாண்டிலேயே, கந்தசாமி என்ற அன்பர் உழைத்து அமைத்த கந்தாசிரமத்திற்கு அனைவரும் குடிபெயர்ந்தனர். அதுகாறும் பகவானைச் சூழ்ந்திருந்தோர் பிச்சையேற்று வந்த உணவையே பகிர்ந்து உண்டனர். அழகம்மையார் வந்து அடுப்பு மூட்டினார். இன்று ரமணாசிரமத்தில் நாள்தோறும் அடியார் பந்தியில் இடப்பெறும் அன்னத்திற்கு மூல அடுப்பு அந்த அம்மையார் மூட்டியதே. இளைய மகனும் வந்து சேர்ந்து, துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் என்னும் பெயர் ஏற்றார். தமையனாரோடு வைத்துப் பார்த்து அவரைச் சின்னசுவாமி என்றே எல்லோரும் அழைத்தனர்.

தாயைப் பேணிய மகன், தாயின் விருப்பத்திற்கெல்லாம் தலையசைக்கவில்லை என்பதும் கருதத் தக்கது. அழகம்மையார் மடி ஆசாரத்தில் உறுதியானவர். யாரேனும் சேலையில் பட்டுவிட்டால், மடி போயிற்றே என்று பகவான் பரிகாசம் செய்வார். வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் கண்டு அம்மையார் ஒதுங்கினால், முத்தியைத் தடுக்கும் பெரும்பகை அவைதாம் என்று வேடிக்கையாகச் சொல்லி நகைப்பார். சில காலம், பிறர் கேட்டால் விடை சொல்பவர் தாய் கேட்டால் பேசாதிருந்ததும் உண்டு. அம்மையார் மனம் நொந்து முறையிட்டபோது, எல்லாப் பெண்களும் தமக்குத் தாயரே என்றார். என் பிள்ளை என்னும் எண்ணம் இருக்குமளவும் தாய்க்கு விடுதலை இல்லை என்று கண்டு, அதனை மெல்ல மெல்ல உரித்தெடுத்தார். மருந்து கசந்தது, ஆயினும் நோயாளியைக் கைவிடாதவர் கொடுத்த மருந்து அது.

அம்மையார் ஒரு நாள் அப்பளம் இடத் துணைக்கு அழைத்தார். கையை நீட்டுவதற்கு மாறாகப் பகவான் ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்தார். அகந்தையாகிய உளுந்தை உடைத்துப் பொடியாக்கி, நல்லார் இணக்கமாகிய பிரண்டைச் சாறும், மனத்தை அடக்குதலாகிய சீரகமும் மிளகும் சேர்த்து இடித்து, ஞானத்தில் பொரித்தெடுக்கும் முறையை அப்பாட்டு கூறும். ஏட்டுக் கல்வி இல்லாத தாய்க்கு வேதாந்தத்தைச் சொல்ல வந்தவர், அவர் கைக்குப் பழகிய உரலையும் உலக்கையையும் அப்பளப் பலகையையுமே நூலாக்கித் தந்தார். பெற்றோர்க்குத் தாம் கற்றதை அவர்தம் மொழியிலேயே எடுத்துச் சொல்லும் பொறுமை கற்றறிந்த மக்கள் எத்தனை பேரிடம் உண்டு?

ஆறாண்டு இங்ஙனம் கழிந்தன. 1922 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள், வைகாசித் தேய்பிறை நவமியன்று, அம்மையாரின் இறுதி நேரம் அணுகிற்று. காலைமுதலே பகவான் அருகில் அமர்ந்துவிட்டார். வலக்கையைத் தாயின் மார்பில் வைத்தார். இடக்கையைத் தலையில் வைத்தார். மூச்சு திணறிக்கொண்டிருந்தது. ஒருபால் வேத பாராயணமும் ஒருபால் இராம நாம செபமும் நிகழ்ந்துகொண்டிருந்தன. நாழிகைகள் சென்றன, வைத்த கையை அவர் எடுக்கவில்லை. பல்லாண்டு தம்மோடு இருந்து தொண்டு செய்த பழனிச்சுவாமியின் இறுதி வேளையிலும் முன்னர் இவ்வாறே கைவைத்து உதவ முயன்றதுண்டு. ஆயினும் அப்போது சற்று முந்திக் கையை எடுத்துவிட்டதால் அது முற்றுப்பெறவில்லை என்று அவரே சொல்லியிருக்கின்றார். இம்முறை மூச்சு அடங்கிய பின்னும் சிறிது நேரம் கையை எடாமலே இருந்தார். இரவு எட்டு மணியளவில் யாவும் அடங்கிற்று. பல பிறவிகளில் நுகர வேண்டிய வாசனைகள் அந்தச் சில மணிநேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஒடுங்கின என்பது பின்னர் அவர் விளக்கியதன் கருத்து. அன்னை இறந்தார் என்று ஒருவர் சொன்னபோது, இறக்கவில்லை, ஒடுங்கினார் என்று திருத்தினார். தீட்டு என்பது இல்லை என்று எழுந்து உணவு கொள்ளச் சொன்னார். அன்றிரவு திருவாசகம் ஓதப்பெற்றது.

காலடியில் ஆர்யாம்பாளின் ஈமக்கடனை ஆதிசங்கரர் செய்ததையும், பச்சை வாழைமட்டை அடுக்கித் தாயின் உடலுக்குப் பட்டினத்தார் எரியூட்டியதையும் மரபு சொல்கின்றது. தந்தையும் வணங்கத் தக்க நிலையை அடைந்த துறவி, தாயைத் தான் வணங்க வேண்டும் என்று விதித்த நாடு இது. எல்லாவற்றையும் அறுத்தவர்க்கும் இந்த ஒரு கடன் அறுவதில்லை. உடலைத் தந்தவள் தாய். அவ்வுடலைக் கொண்டே பிள்ளை கற்கின்றான், பொருள் ஈட்டுகின்றான், தவமும் செய்கின்றான். எய்தியது எதுவாயினும் அதில் அவளுக்கும் பங்கு உண்டு. உத்தியோகம் பெற்றவன் ஊதியத்தில் பங்கு தருகின்றான். ரமணர் பெற்றிருந்த செல்வம் ஞானம் ஒன்றே. வீடு திரும்பி வா என்று கேட்ட தாய்க்கு அதனை அவர் கொடுக்கவில்லை. கேட்க அறியாத வீட்டைக் கொடுத்தார்.

முத்தி எய்தியவர் உடலை எரிக்காமல் சமாதி வைப்பது வழக்கம். பெண்ணுக்கும் அது பொருந்துமா என்ற வினா எழுந்தது. அதற்கு விடை முன்னரே இருந்தது. 1917 ஆம் ஆண்டில் காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவியார் விசாலாட்சி அம்மையார் சார்பில் இதே வினா கேட்கப்பெற்று, ஞானத்தில் ஆண் பெண் வேற்றுமை இல்லையாதலின் அவர்க்கும் சமாதியே முறை என்று பகவான் கூறியது ரமண கீதையில் பதிவாகியிருந்தது. ஆகவே மறுநாள் விடியுமுன் அன்பர்கள் திருமேனியை மலையிலிருந்து இறக்கி, தட்சிணாமூர்த்தி கோயிலுக்கும் பாலி தீர்த்தத்துக்கும் இடையே சமாதியிட்டு, மேலே லிங்கம் நிறுவினர். அந்த லிங்கமே மாத்ருபூதேசுவரர்.

சமாதியின் மேல் முதலில் இருந்தது ஓலைக் கொட்டகையே. நிரஞ்சனானந்தர் அங்கேயே தங்கி வழிபாடு நடத்தினார். பகவான் கந்தாசிரமத்திலிருந்து அரை மணி நேர வழி இறங்கி வந்து தாயின் சமாதியைக் கண்டு மீள்வார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் வந்தவர், மீண்டும் மலைமேல் செல்லவில்லை. தம்மை அண்ணாமலைக்குக் கொணர்ந்த அதே ஆற்றல்தான் அங்கே இருத்திற்று என்று சொன்னார். ரமணாசிரமம் பிறந்தது அவ்வாறே. தாயின் சமாதிக்கு அருகில் மகன் தங்கிய இடமே ஆசிரமம்.

இளைய மகனின் தொண்டையும் இங்கே மறத்தலாகாது. தமையனார் உள்ளத்தால் செய்ததைச் சின்னசுவாமி உடலுழைப்பால் செய்தார். பொருள் வேண்டி ஊர் ஊராக அலைந்தார். ஏச்சும் பேச்சும் ஏற்றார். தாய்க்குக் கருங்கல்லில் கோயில் அமைய வேண்டும் என்ற ஒரே நோக்கம் அவரைத் தாங்கிற்று. 1939 செப்டம்பர் முதல் நாள், பகவான் அண்ணாமலையை அடைந்த நாற்பத்து மூன்றாம் ஆண்டு நிறைவன்று, திருப்பணிக்குக் கால்கோள் நிகழ்ந்தது. வைத்தியநாத ஸ்தபதியார் ஆகம முறைப்படி கற்றளியை எழுப்பினார். தமக்கென எதையும் வேண்டாத பகவான், இத்திருப்பணியின் ஒவ்வொரு கட்டத்தையும் வந்து பார்ப்பதில் மட்டும் ஆர்வம் காட்டினார்; சிற்பிகளை ஊக்கினார்.

பணி முடிய ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. அதற்குள் பகவானின் இடக்கையில், முழங்கைக்கு அருகே, ஒரு கட்டி தோன்றியிருந்தது. 1949 பிப்ரவரி 9 ஆம் நாள் அதனை அறுத்து எடுத்தனர். அது மீண்டும் தலைகாட்டிற்று. கும்பாபிஷேகத்திற்கு முதல்நாள் இரவு, கருவறையுள் நின்று, அங்கே பிரதிட்டை செய்யப்பெற்ற ஸ்ரீசக்கர மேருவின்மீது பகவான் கைவைத்து அருளினார். இருபத்தேழு ஆண்டுக்கு முன் தாயின் தலையிலும் மார்பிலும் பொழுதெல்லாம் வைத்திருந்த கைகள் அவை. யாகசாலை மந்திர ஒலியும் நாதசுர இசையும் நிறைந்த நான்கு நாட்களிலும், நோயைப் பற்றிய நினைவே இல்லாதவர்போல் வீற்றிருந்து வந்தோர்க்கெல்லாம் காட்சி தந்தார். விழா முடிந்து பத்து நாளில், மார்ச்சு 27 ஆம் நாள், இரண்டாம் முறை அறுவை செய்ய நேர்ந்தது.

1950 ஏப்ரல் 14 ஆம் நாள் மாலையில், வெளியே அமர்ந்திருந்த அன்பர்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். ஈன்ற தாயினும் பெருங்கருணை உடையவன் என்று அருணாசலத்தைப் போற்றும் அந்தப் பாட்டைக் கேட்டு, படுக்கையில் இருந்த பகவானின் கண்கள் சற்றே திறந்தன. கடைக்கண்ணில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு மூச்சு நின்றது. மறுநாள், தாம் பல்லாண்டு வீற்றிருந்த பழைய கூடத்திற்கும் தாயின் கோயிலுக்கும் இடையே அவருக்குச் சமாதி அமைத்தனர்.